பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரம்

அரசி கண்ணாடிப் பலகையில் ஒரு சொல்லை எழுதினாள். பிறகு அதற்கு முன்னால் சிறியதாக ஒரு நட்சத்திரம் போட்டாள்.

*மாத்தி.

"என்னத்த மாத்தி?" என்றான் கஸ்பார்.

அவன் தங்கை டெல்பின் சிரித்துவிட்டாள். உடனே, சிரித்ததற்கு வெட்கப்பட்டவள் போலக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள். மூத்தவள் மெற்றில்டா மட்டும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஒரு பழைய மொழியோட சொல். ரஷ்யன், போலிஷ், செர்பியன், ஸ்லொவேனியன், இதெல்லாம் அந்த மொழி பெத்த பொண்ணுங்க. இந்தச் சொல்லுக்கு அம்மானு அர்த்தம். இத யாரும் எழுதி வைக்கல. அந்த மக்கள் எழுதக் கத்துக்கறதுக்கு முன்னாடியே அந்த மொழி போயிடுச்சு," என்றாள் அரசி.

"எழுதி வைக்காம ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" டெல்பின் பள்ளி ஆசிரியை. கேள்வியும் அப்படித்தான் வந்தது.

"பொண்ணுங்களக் கேட்டுத்தான். ரஷ்யன்ல 'மாத்'. ஸ்லொவேனியன்ல இன்னைக்கும் 'மாத்தி'தான். போலிஷ்ல அந்தச் சொல் பேச்சுல இருந்து போயிடுச்சு. கெட்ட வார்த்தையில மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு."

"எல்லா ஊர்லயும் அம்மாவ அங்கதான் கொண்டு போய் நிறுத்துதானுவ," என்றான் கஸ்பார்.

"லேய், சும்மா இரு." மெற்றில்டாவின் குரல் தாழ்ந்திருந்தது. ஆனால் கஸ்பார் உடனே வாயை மூடிக்கொண்டான். துறைமுகத்தில் முந்நூறு பேரை விரட்டி வேலை வாங்குகிறவன் அவன்.

அரசி தொடர்ந்தாள். அந்தச் சொல் தனியாக நிற்கும்போது 'மாத்தி'. 'அம்மாவை' என்றால் 'மாத்தெரி'. 'அம்மாவுடைய' என்றால் 'மாத்தெரெ'. நடுவில் ஒரு ரகரம் வருகிறது. அது புதிதாக வந்து சேர்ந்ததல்ல, சொல்லின் அடியிலேயே இருப்பது. 'அம்மா' என்று தனியாகச் சொல்லும்போது அது ஒளிந்துகொள்ளும். அம்மாவுக்கு, அம்மாவோடு, அம்மாவிடமிருந்து என்று வேற்றுமை ஏறும்போதுதான் வெளியே வரும்.

"அதனாலதான், 'ஒங்கம்மா எப்படிப்பட்டவங்க'னு நான் கேக்க மாட்டேன். கேட்டா எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வாங்க. 'தெய்வம் மாதிரி'. அத வச்சி ஒண்ணும் பண்ண முடியாது. பயந்தா யாருகிட்ட ஓடுனீங்க, யாரோட கடைக்குப் போனீங்க, யாரு கையால அடி வாங்குனீங்க, இப்படித்தான் கேப்பேன்."

"அந்த நட்சத்திரம் எதுக்கு?" என்றாள் டெல்பின்.

"ஆதாரம் இல்லைனு அர்த்தம். இது கிடைச்ச சொல் இல்ல, நாங்களாக் கட்டுன சொல்."

மெற்றில்டா முதல்முறையாக நிமிர்ந்தாள். "நம்ம பனிமய மாதாவுல வருதே மாதா, அதுவா இது?"

அரசிக்கு முகம் மலர்ந்தது. "அதே குடும்பம்தான். சமஸ்கிருதமும் இதுவும் தூரத்துச் சொந்தம். ஆனா தமிழ் அந்த வீட்டுப் பொண்ணு இல்ல, அந்தச் சொல்ல அங்க இருந்து வாங்கிக்கிச்சு. வாங்குனது அச்சு அசலா இருக்கும். பெத்ததுதான் கொஞ்சம் மாறி இருக்கும்."

மெற்றில்டா தலையை ஆட்டிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

சொற்களுக்குச் செய்த இந்த வேலையை மனிதர்களுக்கும் செய்யலாம் என்று யாரோ கண்டுபிடித்துச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒருத்தியின் பிள்ளைகள் மூளையில் அவள் விட்டுப்போன தடங்களைக் கருவி படிக்கும். ஒன்றோடொன்று ஒப்பிடும். பிள்ளைகள் ஒத்துப்போகும் இடமெல்லாம் தாயுடையது. ஒருவரிடம் மட்டும் இருப்பது அவரவர் கற்பனை. ஒத்துப்போனதை எல்லாம் சேர்த்துக் கட்டினால் ஒரு குரல் வரும். கேட்டால் பதில் சொல்லும். அதற்கு மீட்டுரு என்று பெயர். பெயருக்கு முன்னால் அந்த நட்சத்திரத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். குடும்பங்களுக்கு அந்த நட்சத்திரம் பிடித்திருந்தது. அது வானத்து நட்சத்திரம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பிறகு சட்டம் வந்தது. பேச முடியாத நோயாளியைப் பற்றிப் பிள்ளைகள் ஒத்துப்போகாவிட்டால், மீட்டுருவிடம் ஒரு கேள்வி கேட்கலாம். அதன் பதில் நோயாளியின் பதில்.

மேல் மாடியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூவரின் தாய் பெர்னதெத் படுத்திருந்தாள். பக்கவாதம். மூச்சை வென்டிலேட்டர் விட்டுக்கொண்டிருந்தது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தால் உயிரோடு இருக்கலாம், ஒருவேளை கண் திறக்கலாம், எழுந்து நடப்பாளா என்பதைச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வேண்டாமென்றால் வென்டிலேட்டரை எடுத்துவிடலாம். எது என்று இன்று மாலைக்குள் சொல்ல வேண்டும். எடுத்துவிடலாம் என்றான் கஸ்பார். கூடவே கூடாது என்றாள் டெல்பின். மெற்றில்டாவைக் கேட்டதற்கு, "நீங்க ரெண்டு பேரும் சேந்து என்ன சொன்னாலும் சரி," என்று மட்டும் சொன்னாள். அதனால்தான் ஆஸ்பத்திரியின் மீட்டுரு மையத்துக்கு, அரசியிடம் வந்திருந்தார்கள்.

*

காலை முழுக்கத் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டார்கள். தலையில் வலைத்தொப்பி. பக்கத்து அறையில் கருவியை இயக்கும் ஹாரூன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூவரும் பத்து வயதுக்கு முந்தியதை மட்டும் சொல்ல வேண்டும் என்பது மையத்தின் விதி. அதற்குப் பிறகு பிள்ளைகளிடம் இருப்பது நினைவல்ல, அபிப்பிராயம்.

"இருமல் வந்தா நெஞ்சுல என்ன தேச்சி விடுவாங்க, யாரு?"

"அம்மாதான்," என்றான் கஸ்பார். "வெளக்கெண்ணையும் கற்பூரமும். அவ கை எப்பவும் குளுந்து இருக்கும். தேச்சி முடிச்சதும் கையத் தன் பாவாடையில தொடச்சிக்கிடுவா."

டெல்பினும் அதையே சொன்னாள். எண்ணெய், கற்பூரம், குளிர்ந்த கை, துடைத்துக்கொண்ட துணி.

"நல்ல மீன் வாங்கின அன்னைக்கு நடுத்துண்டு யாருக்கு?"

"எனக்கும் டெல்பிக்கும். அவளுக்குத் தலையும் வாலும். கேட்டா, எனக்கு முள்ளுதான் புடிக்கும்னு சொல்லுவா." கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டான். "அவ உக்காந்து சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல மேடம்."

டெல்பினும் முள்ளைச் சொன்னாள்.

மெற்றில்டாவிடம் கேட்டபோது அவள் கொஞ்சம் யோசித்தாள். "நடுத்துண்டா? அம்மாதான் முதல்ல எடுப்பா. எடுத்துட்டு, 'சமைச்சவளுக்குத்தான் முதல் துண்டு, ஒங்க அப்பன் கேட்டாலும் இதான் பதில்'னு சிரிப்பா. அவ சிரிச்சா அடுத்த தெருவுக்குக் கேக்கும்."

"பயந்தா யாருகிட்ட ஓடுவீங்க?"

"அம்மாகிட்ட. ஆனா அவளும் பயப்படுவா. இடி இடிச்சா ரெண்டு பேரும் கட்டிலுக்கு அடியில போய்க் கெடப்போம். 'எனக்குச் சாகப் பயமா இருக்குடி மெற்றி, நான் நூறு வயசு இருக்கணும்'னு சொல்லுவா."

கருவி அந்த இரண்டு நினைவுகளையும் சிவப்பாகக் காட்டியது. மற்ற இருவரிடமும் இதுபோல எதுவும் இல்லை. இருவர் ஒருபக்கம், ஒருத்தி ஒருபக்கம். விதிப்படி ஹாரூன் சிவப்பை நீக்கினான்.

மூவரையும் பற்றிய பொதுக் குறிப்பில், "எல்லாரும் தாயோடு வளர்ந்தீர்களா?" என்ற கேள்விக்குக் கஸ்பார் பதில் சொல்லியிருந்தான். "ஆமா. நடுவுல கொஞ்ச நாள் குவைத்துல ஒரு வீட்டு வேலைக்குப் போயிருந்தா. சீக்கிரம் வந்துட்டா."

*

மதியம் சோதனைக்காக மீட்டுருவை எழுப்பினார்கள். முகத்தைக் காட்டுவதில்லை. சிறு வயது நினைவில் முகம் தேய்ந்துபோயிருக்கும், கைதான் நிற்கும். திரையில் இரண்டு கைகள் தெரிந்தன. அவை ஒரு துணியை மடித்துக்கொண்டிருந்தன.

"பெர்னதெத் அம்மா, கேக்குதா?" என்றாள் அரசி.

"கேக்குது." மெல்லிய, அவசரமான குரல். "புள்ளைங்க சாப்பிட்டாச்சா?"

கஸ்பார் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். "அம்மா," என்றான். "எம்மா." அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியது. டெல்பின் அவன் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். அவளுக்கும் கண்ணீர் வழிந்தது.

"நீங்க சாப்பிட்டீங்களா?" என்று அரசி கேட்டாள். அது வழக்கமான சோதனைக் கேள்வி.

"எனக்கு எதுக்கு? வயிறு நெறஞ்சிட்டு. அவங்களுக்குக் குடுங்க."

டெல்பின் கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள். "நீ சொன்னது சரிண்ணா. அவ என்ன சொல்லப் போறான்னு தெரிஞ்சி போச்சு. நமக்குப் பாரமா இருக்க மாட்டேன்னுதான் சொல்லுவா. நாந்தான் சுயநலமாக் கெடந்தேன்."

அந்த அறையில் அழாதவள் மெற்றில்டா ஒருத்திதான். அவள் சுவரோடு ஒட்டி நின்று, திரையில் தெரிந்த கைகளைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது துக்கமல்ல. எங்கோ ஒளித்து வைத்ததை யாரோ எடுத்து நடுவீட்டில் போட்டுவிட்டதைப் பார்க்கிற முகம்.

அரசி அதைக் கவனித்தாள்.

*

"ஹாரூன், அந்த எண்ணெய் நினைவு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க."

போட்டான். கஸ்பாருடையதும் டெல்பினுடையதும் கோட்டுக்குக் கோடு பொருந்தின. அண்ணனுக்கும் தங்கைக்கும் மூன்று வயது வித்தியாசம். ஒரே சம்பவத்தை இருவர் இரண்டு உயரத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும். ஒருவருக்கு எண்ணெய் வாசனை, இன்னொருவருக்குக் கற்பூர எரிச்சல் என்று ஏதாவது ஒன்று கூடக்குறைய இருக்க வேண்டும். இங்கே ஒன்றும் இல்லை. சொற்கள்கூட ஒன்றே.

"என்ன மேடம், இவ்ளோ நல்லாப் பொருந்துதுனு சந்தோசப்படாம மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"பெத்தது இப்படிப் பொருந்தாது ஹாரூன். வாங்குனதுதான் பொருந்தும். யாரோ இவங்க ரெண்டு பேருக்கும் இத ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லிக் குடுத்திருக்காங்க."

"நடக்காததச் சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்ல, நடந்திருக்கு. குளிர்ச்சி உண்மை, எரிச்சல் உண்மை. கருவி பொய்யப் பிடிச்சிடுமே. யாரு தேச்சாங்கங்கறதுதான்..." அவள் நிறுத்தினாள். "கை மொதல்ல எப்படி வந்துச்சு?"

ஹாரூன் கழுத்தைச் சொறிந்தான். "அத ஒங்ககிட்டச் சொல்லல. அளவு சின்னதா வந்துச்சு மேடம். ரெண்டு பேருகிட்டயும். இடுப்புல தூக்கி வச்சா புள்ளையோட காலு, தூக்குனவங்க முழங்காலுக்குக் கீழ தொங்குது. புள்ளைங்க கண்ணுக்கு அளவு தப்பாத் தெரியும்ல, அதான் எப்பவும் பண்ற மாதிரி இழுத்துப் பெருசாக்கிட்டேன். அம்மா கைனா அம்மா அளவுல இருக்கணும்ல?"

"புள்ளைங்க கண்ணுக்கு எதுவும் பெருசாத்தானே தெரியும்? சின்னதாவா தெரியும்?"

ஹாரூன் திரைப் பக்கம் திரும்பினான். விசையை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளினான். திரையில் கைகள் சுருங்கின. நகம் கடித்த, எலும்பு துருத்திய, பன்னிரண்டு பதின்மூன்று வயதுக் கைகள்.

அரசிக்குத் தான் முன்பு கல்லூரியில் மொழியியல் நடத்தியபோது சொன்ன பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. மாத்தி என்ற சொல்லின் வேரிலிருந்தே அல்பேனிய மொழிக்கும் ஒரு சொல் போயிருக்கிறது. ஆனால் அங்கே அதற்கு அர்த்தம் அம்மா அல்ல, சகோதரி. ஏன் அப்படி மாறியது என்று உறுதியாக யாருக்கும் தெரியாது. வகுப்பில் அதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவாள். அந்தச் சொல் எத்தனை வீடுகளைக் கடந்து அங்கே போயிருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"மேடம்," ஹாரூன் விசையிலிருந்து கையை எடுத்தான். "இதுவரைக்கும் நாம இழுத்துப் பெருசாக்குன கை எத்தனை இருக்கும்?"

*

மெற்றில்டா படிக்கட்டுப் பக்கத்து ஜன்னலருகே நின்றிருந்தாள். கீழே உப்பு லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"நீங்க எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க?" என்று அரசி கேட்டாள்.

கேள்வி எங்கிருந்து வருகிறது என்று மெற்றில்டாவுக்குப் புரிந்துவிட்டது. "ஏழு," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "கண்டுபிடிச்சிட்டியளா?"

"கை சின்னதா இருக்கு."

மெற்றில்டா தன் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அம்மா எவ்வளவு காலம் குவைத்துல இருந்தாங்க?"

"ஆறு வருசம். டெல்பி அப்பத்தான் நடக்கப் பழகுதா. அப்பா கடலோட போயிட்டாரு. வேற யாரு இருக்கா?" அவள் தெருவைப் பார்த்தே பேசினாள். "அம்மா திரும்பி வந்தா. கை நெறையச் சாக்லேட்டு, பொம்ம. இதுக ரெண்டும் அவகிட்டப் போகல. எம் பின்னால ஒளிஞ்சிக்கிட்டு, 'யாருக்கா இது, எப்பப் போவா'னு கேக்குதுங்க. அவளுக்குக் கேட்டுட்டு. அன்னைக்கு அம்மா அழுத அழுகை இருக்கே..."

"அதனால?"

"அதனால நான் சொல்லிக் குடுத்தேன். தெனமும் படுக்கும்போது கத சொல்லுற மாதிரி. 'ஒனக்கு இருமல் வந்துச்சே, அப்ப என்ன தேச்சது யாரு? அம்மாதாம்ல. நீ மறந்துட்ட.' 'ஒன்னத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனது யாரு? அம்மாதான்.' சொல்லச் சொல்ல அதுகளும் அப்படியே சொல்ல ஆரம்பிச்சிட்டுதுங்க. கொஞ்ச நாள்ல போய் அவ மடியில உக்காந்துட்டுதுங்க. அவ்வளவுதான்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்குமா? ஒருநா என்னக் கூப்பிட்டு, 'நீ பண்ணத எல்லாம் எம் பேருல எழுதுதியாடி'னு கேட்டா. ஆமான்னேன். அதுக்கப்புறம் அவ அடுத்த தெருவுக்குக் கேக்குற மாதிரி சிரிச்சதே இல்ல. நான் குடுத்த அம்மாவாவே இருந்துட்டுப் போயிருவோம்னு நெனச்சாளோ என்னமோ."

லிஃப்ட் திறந்து யாரோ ஸ்ட்ரெச்சரோடு போனார்கள். அரசி அவர்கள் கடந்துபோகும் வரை காத்திருந்தாள்.

"மெற்றில்டா, இப்ப அது 'வேண்டாம்'னு சொல்லும். அது ஒங்க பதில். பன்னெண்டு வயசுல நீங்க சொல்லிச் சொல்லிப் பழகுன பதில். அத வச்சி மேல இருக்கறவங்க மூச்ச நிறுத்திடுவாங்க. ஒங்கம்மா என்ன சொல்லுவாங்க?"

"எங்கம்மா இருக்கணும்னுதான் சொல்லுவா." யோசிக்காமல் வந்தது பதில்.

"அப்ப அத உள்ள வந்து சொல்லுங்க."

"எப்படிம்மா சொல்ல?" மெற்றில்டா திரும்பினாள். கண்கள் காய்ந்திருந்தன. "அவன் இப்பத் தரையில விழுந்து அழுதானே, யாருக்காக அழுதான்? அம்மாவுக்காக. நாப்பது வருசமா அதுகளுக்கு ஒரு அம்மா இருந்துருக்கா. அது அம்மா இல்ல, நாந்தான்னு சொன்னா அதுகளுக்கு என்ன மிஞ்சும்? அம்மாவுக்கு என்ன மிஞ்சும்? குடுத்தத நானே திரும்பிப் பிடுங்கவா?"

அரசி அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"நீங்க சொல்லாம நான் சொல்ல மாட்டேன். ஆனா அது ஒங்கம்மா பதில்னு கையெழுத்துப் போட மாட்டேன்."

"போடலன்னா மெஷின எடுக்காம விட்டுருவாவளா?"

"ஒருநாள் தள்ளிப் போகும். மதுரையில இருந்து வேற ஆள் வந்து பாப்பாங்க. அவங்க பாக்கறது பொருத்தத்த மட்டும்தான். பொருத்தம் ரொம்ப நல்லா இருக்கு. போட்டுடுவாங்க."

மெற்றில்டா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு உள்ளே போனாள்.

*

மருத்துவக் குழுவின் சார்பில் ஒரு வயதான டாக்டர் வந்திருந்தார். அவருக்கு அவசரம். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஆரம்பிக்கலாமா?" என்றார்.

திரையில் கைகள் தெரிந்தன. பெரிய கைகள். அரசி ஹாரூனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். குடும்பத்தின் முன்னால் அளவை மாற்ற வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும்.

அரசி கேள்வியைக் கேட்டாள். ஒவ்வொரு சொல்லையும் மெதுவாக வைத்தாள். "நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க. ஒங்களுக்காக ஒரு மெஷின் மூச்சு விடுது. தொண்டையில ஆபரேசன் பண்ணா உயிரோட இருக்கலாம். நடப்பீங்களா, பேசுவீங்களா, தெரியாது. ஒங்களுக்கு அது வேணுமா, வேண்டாமா?"

கைகள் துணி மடிப்பதை நிறுத்தின.

"எனக்கு எதுக்கு?" என்றது குரல். "எனக்கு ஒண்ணும் வேண்டாம். புள்ளைங்களப் பாருங்க."

டெல்பின் கண்களை மூடிச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். கஸ்பார் தலையை அசைத்துக்கொண்டே இருந்தான். டாக்டர் பேனாவைத் திறந்தார். "தெளிவா இருக்கு. மேடம், ஒங்க கையெழுத்து?"

அரசி பேனாவை வாங்கவில்லை. சுவரோரம் நின்றவளைப் பார்த்தாள். டாக்டரும் அந்தப் பக்கம் பார்த்தார்.

"அவ பொய் சொல்லுதா," என்றாள் மெற்றில்டா.

"யாருக்கா?" டெல்பின் கண்ணைத் திறந்தாள்.

"இந்தா, இவதான்." மெற்றில்டா திரையைக் காட்டினாள். குரல் மெதுவாகத்தான் வந்தது, ஆனால் நிற்கவில்லை. "இவ வேண்டாம்னு சொன்னா யாரும் நம்பாதிய. வாய் பழகிப் போச்சு. சட்டியில ஒட்டுனதச் சொரண்டித் தின்னுட்டு வயிறு நெறஞ்சிட்டும்பா. முள்ளு எவளுக்குப் புடிக்கும்? இவளுக்கு எல்லாம் வேணும். நடுத்துண்டு வேணும். தூங்கணும். யாராவது வந்து, 'நீ போய் வெளையாடு, நான் பாத்துக்கிடுதேன்'னு சொல்லணும். கூடப் படிச்ச ரோசம்மா பாண்டியம்மா எல்லாம் சீருடை போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போகும்போது, டெல்பிய இடுப்புல வச்சிக்கிட்டு வாசல்ல நின்னு பாத்தா. அதுவும் வேணும் இவளுக்கு."

"அம்மா எதுக்குக்கா பள்ளிக்கூடம்..." என்று ஆரம்பித்தாள் டெல்பின்.

முடிக்கவில்லை.

ஹாரூன் யாரையும் கேட்கவில்லை. விசையைப் பின்னுக்குத் தள்ளினான். திரையில் கைகள் சுருங்கத் தொடங்கின. வளையல் நழுவி முழங்கை வரை போனது. விரல்கள் மெலிந்தன. கடைசியில் அங்கே ஒரு சிறுமியின் கைகள் இருந்தன. அவை மறுபடியும் துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தன.

கஸ்பார் வெகுநேரம் அதைப் பார்த்தான். பிறகு அக்காவின் கைகளைப் பார்த்தான். அவள் அவற்றை மறைக்கப் போனாள். மறைக்கவில்லை.

"வெளக்கெண்ண?" என்றான். குழந்தை கேட்பதுபோல இருந்தது.

மெற்றில்டா தலையசைத்தாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுனது?"

"தூரம் ரொம்ப இல்லல்லா. நீ அப்ப ஒல்லி."

டாக்டர் பேனாவை மூடினார். "எனக்குப் புரியல. இந்தப் பதில் செல்லுமா செல்லாதா?"

"செல்லாது," என்றாள் அரசி. "நாங்க கட்டுனது அந்த நோயாளி இல்ல. தப்பு எங்களோடது, அத எழுதித் தரேன். மெஷின் ஓடட்டும். இந்தக் கருவிய வச்சி இதுக்கு முன்னால நான் போட்ட கையெழுத்தெல்லாம்கூட மறுபடி பாக்கணும்."

"அதுவரைக்கும் மேல இருக்கற அம்மாவுக்கு யார் முடிவு சொல்றது?"

டாக்டர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காலையில் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

விதிப்படி இனி மீட்டுருவை அணைக்க வேண்டும். அந்த அறையில் எல்லாக் குடும்பமும் கெஞ்சுகிற நேரம் அதுதான். ஒரு நிமிசம், இன்னொரு வார்த்தை, குரலையாவது பதிந்து கொடுங்கள் என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஹாரூன் விசையில் விரலை வைத்துக்கொண்டு, சொல்லத் தயங்கி நின்றான்.

"புள்ளைங்க தூங்கிட்டாங்களா?" என்றது குரல்.

"அணைச்சிருங்க தம்பி," என்றான் கஸ்பார். "அது எதுக்கு எங்களுக்கு? அவ இந்தா நிக்காளே."

திரை இருண்டது. மெற்றில்டா எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தரையைப் பார்த்தாள். டெல்பின் எழுந்து வந்து அவளருகே நின்றாள், தொடவில்லை. இத்தனை வருடம் தொட்ட கையைப் புதிதாக எப்படித் தொடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அப்ப, மேல படுத்திருக்கது யாருக்கா?" என்று கேட்டாள்.

மெற்றில்டா நிமிர்ந்தாள். தங்கையின் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினாள். அங்கே இருந்தது பயம்தான். முன்பின் தெரியாத ஒருத்தியின் உயிர் திடீரென்று தன் கையில் வந்து விழுந்துவிட்ட பயம்.

"அவளா? பெரிய சண்டக்காரிடி அவ." மெற்றில்டாவின் உதட்டில் என்னவோ அசைந்தது. "வாங்க, போவோம். படி ஏறுறதுக்குள்ள கொஞ்சம் சொல்லுதேன். மிச்சத்த அவ பக்கத்துல உக்காந்து சொல்லுதேன். அவளும் கேக்கட்டும்."